கொடுத்து வாங்குதல்: தாக்குதல் ஆட்டங்களை வாசிப்பது பற்றி

கோட்ட மட்டச் சதுரங்கப் போட்டியொன்றில் எமது பாடசாலை மாணவன் ஒருவன், நல்ல நிலையிலிருந்த ஆட்டத்தின் நடுவே தனது குதிரையைத் தூக்கி எதிராளியின் சிப்பாய்க்கு முன்னால் வைத்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். எதிரே இருந்தவன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் குதிரையை வெட்டினான். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பதினைந்து நகர்வுகளில் எங்கள் பையன் தோற்றுப்போனான். வெளியே மரத்தடியில் அவனைக் கூப்பிட்டு ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவன் என்னை நேராகப் பார்த்து, "தாலும் இப்பிடித்தானே சேர் குதிரயக் குடுத்தாரு?" என்றான்.

பிழை அவனுடையதல்ல. ஒரு தவணை முழுவதும் வெள்ளிக்கிழமை தவிர்ந்த பின்னேரங்களில் நான் அவர்களுக்குக் காட்டியதெல்லாம் புகழ்பெற்ற தாக்குதல் ஆட்டங்களின் கடைசிப் பத்து நகர்வுகளைத்தான். ராணியைக் கொடுத்து வெல்வது, குதிரையைக் கொடுத்து வெல்வது, இரண்டு கோட்டைகளையும் கொடுத்து வெல்வது. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன். கவிதையின் கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்வித்துவிட்டுக் கவிதை படிப்பித்ததாக நினைத்துக்கொள்ளும் ஆசிரியனின் வேலையைத்தான் நான் செய்திருந்தேன்.

ஓர் இலக்கியச் சஞ்சிகையில் சதுரங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 10ஆம் நூற்றாண்டு பக்தாதில் அபூபக்ர் அஸ்-ஸூலி என்றொருவர் இருந்தார். அபூ நுவாஸ், அபூ தம்மாம் போன்ற கவிஞர்களின் கவிதைகளைத் திரட்டித் தொகுத்த இலக்கிய அறிஞர் அவர். அதே மனிதர்தான் கலீபா அல்-முக்தபியின் அவையில் அக்காலத்தின் பெயர்பெற்ற ஆட்டக்காரரைத் தோற்கடித்து, தனது காலத்தின் முதல்தர ஷத்ரஞ்ச் வல்லுநரானார். அவ்விளையாட்டைப் பற்றி நூலும் எழுதினார். பிரதியைத் தொகுப்பதும் ஆட்டத்தைத் தொகுப்பதும் அவருக்கு இருவேறு தொழில்களாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். எழுதிவைக்கப்பட்ட ஓர் ஆட்டமும் ஒரு பிரதிதான். அதை எப்படி வாசிப்பது என்பதே இங்கு எனது கேள்வி.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கதைக்க வேண்டும். எதிராளி வெட்டிக்கொள்ளட்டும் என்று தெரிந்தே ஒரு காயை விடுவதைத் தமிழில் 'தியாகம்' என்கிறோம், இல்லாவிட்டால் 'பலி' என்கிறோம். இரண்டு சொற்களும் வாசகனின் கண்ணை மறைத்துவிடுகின்றன. தியாகம் என்றவுடனேயே அதைச் செய்தவன் பெரியவனாகிவிடுகிறான்; கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுகிறது. ஒஸ்திரியாவைச் சேர்ந்த ருடோல்ஃப் ஸ்பீல்மன் 1935இல் இதைப்பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார். தாக்குதல் ஆட்டத்துக்குப் பெயர்போன அவர், பலிகளை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, முடிவுவரை கணித்துவிடக்கூடியது. கொடுத்தது சில நகர்வுகளுக்குள் திரும்பி வந்துவிடும், அல்லது ராஜா மாட்டிக்கொள்வார். இதை அவர் போலிப் பலி என்றார். மற்றையது மெய்யானது. கொடுத்தது எப்போது, எந்த வடிவில் திரும்பும் என்று கொடுத்தவனுக்கே முழுதாகத் தெரியாது. எமது ஊர் வழக்கில் சொல்வதானால், முதலாவது நாளைக்கே திரும்பி வரும் கைமாற்று. இரண்டாவது, மழையை நம்பிப் பெரும்போகத்துக்கு விதைப்பது. கைமாற்றுக் கொடுப்பவனை யாரும் வீரன் என்பதில்லை. விதைப்பவனையும் மூடன் என்பதில்லை. ஆனால் வரம்பு கட்டாமல், உழாமல், நெல்லை மட்டும் அள்ளி வீசுகிறவனை என்னவென்பது? என் மாணவன் செய்தது அதுதான்.

கைமாற்றுக்கு உதாரணமாக எல்லோரும் அறிந்த ஆட்டம், 1858இல் பரிஸ் இசைநாடக அரங்கொன்றின் இருக்கையில் அமர்ந்தபடி அமெரிக்கரான போல் மோர்ஃபி ஆடியது. எதிரே இருவர், பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும். கூடிப்பேசி ஆடிய அவர்களை 17 நகர்வுகளில் மோர்ஃபி முடித்தார். 16ஆம் நகர்வில் ராணியைக் கொடுத்து, 17ஆம் நகர்வில் கோட்டையால் ராஜாவை மடக்கினார். உலகம் முழுவதும் சிறுவர்களுக்குக் காட்டப்படுவது அந்த 16ஆம் நகர்வு. நான் இப்போது காட்டுவது 8ஆம் நகர்வை. அந்த இடத்தில் மோர்ஃபியின் ராணிக்கு முன்னால் ஒரு சிப்பாய் சும்மா கிடக்கிறது. எடுத்தால் ராணிகள் மாறிப்போகும், ஆட்டம் மெல்ல மெல்ல வெற்றிக்குப் போகும். மோர்ஃபி அதை எடுக்கவில்லை. அமைதியாக ஒரு குதிரையை வெளியே கொண்டுவந்தார். அந்தக் கணத்தில்தான் அந்த ஆட்டம் தாக்குதல் ஆட்டமாகிறது. பலகையில் இன்னும் எதுவும் வெட்டுக்கொடுக்கப்படவில்லை. ஆனால் கைக்கெட்டிய இலாபம் ஒன்று விடப்பட்டிருக்கிறது. ஆட்டத்தின் முடிவில் பாருங்கள். கறுப்பின் ஒரு மந்திரியும் ஒரு கோட்டையும் தொடக்கத்தில் வைத்த கட்டத்தை விட்டு ஒருமுறையேனும் நகரவில்லை. வெள்ளையின் பக்கமோ, வேலை இல்லாமல் நின்ற காய் என்று ஒன்றும் இல்லை. ராணியைக் கொடுத்தது மோர்ஃபியின் துணிவல்ல, கணக்கு. துணிவு எட்டாம் நகர்விலேயே முடிந்துவிட்டது.

மிகையில் தால் வேறு வகை. லத்வியாவின் ரீகாவில் 1936இல் பிறந்தவர். 1960இல் மொஸ்கோவில், தன்னைவிட 25 வயது மூத்த மிகையில் பொத்வின்னிக்கை 12½ - 8½ என்று வென்று 23ஆவது வயதில் உலகச் சம்பியனானார். என் மாணவன் சொன்ன குதிரை, அந்தப் போட்டித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் வருவது. கறுப்புக் காய்களுடன் ஆடிய தால், 21ஆம் நகர்வில் தன் குதிரையை எஃப்4 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாயின் வெட்டுக்குள் வைத்தார். அரங்கில் எழுந்த சலசலப்பை அடக்க முடியாமல் ஆட்டத்தைப் பின்னறை ஒன்றுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தால் வென்றார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிற்பாடு ஆட்டத்தை ஆறுதலாகப் பிரித்துப் பார்த்தவர்கள், 25ஆம் நகர்வில் பொத்வின்னிக் மந்திரியால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் தாலின் திட்டம் உடைந்திருக்கும் என்று கண்டார்கள். பொத்வின்னிக் அப்போது அதைக் காணவில்லை. இன்று கைத்தொலைபேசியிலுள்ள ஒரு சதுரங்க மென்பொருள்கூடச் சில விநாடிகளில் அதைச் சொல்லிவிடும். இதைக்கொண்டு இரண்டு விதமான வாசகர்கள் உருவாகியிருக்கிறார்கள். ஒருவர், தால் ஒரு சூதாடி, எதிராளியின் பிழையில் பிழைத்தவர் என்று பக்கத்தை மூடிவிடுகிறார். மற்றவர், மென்பொருளுக்குக் கலை தெரியாது என்று கண்ணை மூடிவிடுகிறார். இரண்டுமே வாசிப்பல்ல.

அந்தக் குதிரை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பார்ப்பதே வாசிப்பு. குதிரையைச் சிப்பாய் வெட்ட, பதிலுக்குக் கறுப்புச் சிப்பாய் வெட்டுகிறது. அதனால் நடுவில் அடைபட்டிருந்த மூலைவிட்டப் பாதை திறந்துகொள்கிறது; ஜீ7இல் தூங்கிக் கிடந்த கறுப்பு மந்திரி பலகையின் மறுமுனைவரை பார்க்கத் தொடங்குகிறார். பொத்வின்னிக் நிலையை ஒழுங்குபடுத்தி, மெதுவாக நெருக்கி வெல்லும் ஆட்டக்காரர். அவரது ஒழுங்கான வீட்டுக்குள் தால் ஒரே நகர்வில் அடைமழையைக் கொண்டுவந்துவிட்டார். மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு மனிதர் கணித்து முடிக்க இயலாத அளவுக்கு வழிகள் பெருகின. தால் கொடுத்தது குதிரையை, வாங்கியது எதிராளியின் நிச்சயத்தை. இந்தக் கொடுக்கல் வாங்கல் நியாயமானதா என்பது விவாதத்துக்குரியது. அடுத்த ஆண்டே, 1961இன் மறுபோட்டியில், பொத்வின்னிக் 13 - 8 என்று பட்டத்தைத் திரும்பப் பெற்றார் என்பதையும் சேர்த்துத்தான் அந்த விவாதத்தை நடத்த வேண்டும். என் மாணவனுக்கு இதில் எதையும் நான் சொல்லியிருக்கவில்லை. அவனது குதிரை எந்தப் பாதையையும் திறக்கவில்லை. அவனது இரண்டு கோட்டைகளும் மூலையிலேயே நின்றன. குதிரை தாலுடையதாக இருந்தது, மந்திரி இருக்கவில்லை.

தாலைவிட எனக்கு அதிகம் கற்றுத்தந்தவர், அநேகமாக எம்மில் பலர் பெயரே கேள்விப்படாத ஒருவர். ரஷீத் நெஷ்மெத்தினோவ். அந்தப் பெயரைச் சற்று உரசிப் பார்த்தால் உள்ளே எமக்குப் பழக்கமான நஜ்முத்தீன் தெரிவார். ரஷ்யப் பதிவேடு அதற்கு ஒரு 'ஓவ்' வாலைக் கட்டிவிட்டது. இன்றைய கஸகஸ்தானிலுள்ள அக்தோபேயில் 1912இல் பிறந்த தாத்தாரியர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, கஸானில் வளர்ந்தார். அவரது மூத்த சகோதரர் கவி நஜ்மி தாத்தாரிய மொழியின் அறியப்பட்ட கவிஞர், நாவலாசிரியர். தம்பியும் எழுத்தைத் தொடாமல் விடவில்லை. தாத்தாரிய மொழியின் முதலாவது சதுரங்க நூலை எழுதியவர் அவரே. தாய்மொழியில் ஒரு பாடத்தை முதன்முதலாக எழுதுபவர், சொற்களில்லாத இடத்தில் சொற்களைத் தேடித் தவித்திருப்பார். கலைச்சொல்லுக்கு அல்லாடும் எம்போன்ற ஆசிரியர்களுக்கு அந்தத் தவிப்பை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

1950, 1951, 1953, 1957, 1958 என ஐந்து தடவைகள் ரஷ்யக் குடியரசின் சம்பியன். 1954இல் புக்கரெஸ்ற் போட்டியில் கோர்ச்னோய்க்கு அடுத்ததாக வந்து சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றார். கிராண்ட்மாஸ்டர் பட்டம் மட்டும் 1974இல் அவர் இறக்கும்வரை கிடைக்கவேயில்லை. அதற்கு வெளிநாட்டுப் போட்டிகள் வேண்டும். சோவியத் ஒன்றியத்தில் அந்த வாய்ப்புகள் சிலருக்கே பங்கிடப்பட்டன. கஸானிலிருந்த நடுவயது ஆட்டக்காரர் வரை அவை வந்து சேரவில்லை. ஆனாலும் 1960ஆம் ஆண்டுப் போட்டித் தொடருக்கு முன் தாலின் ஆயத்தங்களுக்கு உதவியவர் அவர். 1961இல் பாக்குவில் நடந்த சோவியத் சம்பியன் போட்டியில் அதே தாலைத் தாக்கியே தோற்கடித்தார்.

1958இல் சோச்சியில் லெவ் பொலுகயேவ்ஸ்கிக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்க்குமாறு ஒவ்வொரு வாசகரையும் கேட்டுக்கொள்வேன். நெஷ்மெத்தினோவுக்குக் கறுப்புக் காய்கள். 24ஆம் நகர்வில் வெள்ளைக் கோட்டை எச்2இல் நிற்கும் அவரது ராணியைத் தாக்குகிறது. ராணியை அவர் நகர்த்தவேயில்லை. தன் கோட்டையால் எஃப்4இலுள்ள சிப்பாயை வெட்டுகிறார். வெள்ளை ராணியை எடுத்துக்கொள்கிறது. கறுப்பு செக் வைக்க, வெள்ளை ராஜா பலகையின் நடுவிலுள்ள டீ4 கட்டத்துக்கு வந்து நிற்கிறார். ராணியை இழந்த ஒருவர் இப்போது என்ன செய்ய வேண்டும்? செக்குக்கு மேல் செக் வைத்துத் துரத்த வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார். நெஷ்மெத்தினோவ் தன் மந்திரியை எச்6இலிருந்து ஜீ7க்குப் பின்வாங்குகிறார். செக் இல்லை, வெட்டு இல்லை, சத்தமே இல்லை. ஆனால் அந்த மந்திரிக்கும் வெள்ளை ராஜாவுக்கும் நடுவே, ஒரே மூலைவிட்டத்தில், கறுப்புக் குதிரை ஒன்று நிற்கிறது. அது எந்தப் பக்கம் விலகினாலும் மந்திரியின் செக் பின்னால் வரும். ராணியைக் கொடுத்துவிட்டு ஓர் எட்டு பின்வைக்கும் இந்த அமைதிக்கு நிகராக எதையும் நான் சதுரங்கத்தில் கண்டதில்லை. பிறகு வெள்ளை ராஜா தன் வீட்டை விட்டு, சி4, பி5, ஏ5 என்று பலகையின் ஓரம்வரை அலைந்து 33ஆம் நகர்வில் சரணடைகிறார்.

இங்கும் கைதட்டிவிட்டு எழும்பிவிடக் கூடாது. பின்னோக்கிப் போக வேண்டும். 12ஆம் நகர்விலிருந்தே அவர் எஃப் வரிசைச் சிப்பாயையும் ஜீ வரிசைச் சிப்பாயையும் ஒன்றன்பின் ஒன்றாக முன்தள்ளி, வெள்ளை ராஜாவின் வேலியைப் பிய்த்திருக்கிறார். 19ஆம் நகர்வில் ஈ5இலிருக்கும் தன் குதிரையை வெள்ளைச் சிப்பாய் தாக்கியபோது, அதை நகர்த்தாமல் இன்னொரு மந்திரியைப் படைக்குள் சேர்க்கிறார். அடுத்த நகர்விலும் அப்படியே விடுகிறார். முடிவில் வெள்ளை ராஜாவை மறைத்து நின்றது அதே குதிரைதான். ஐந்து நகர்வுகளுக்கு முன்னரே அந்தக் கட்டத்தின் பெறுமதி அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1962இல் றொஸ்தோவில் செர்னிக்கோவுடனான ஆட்டம் இன்னும் துணிச்சலானது. 12ஆம் நகர்விலேயே ராணியைக் கொடுக்கிறார். பதிலுக்குக் கிடைப்பவை ஒரு மந்திரியும் ஒரு குதிரையும் மட்டும். ராணியை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரே நிலையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து சமநிலையோடு எழும்பிப் போகும் வழி இருந்தது. அவர் எழும்பவில்லை. இதில் உடனடியாக ராஜா மாட்டவும் இல்லை. கறுப்பு ராஜாவைச் சூழ்ந்த கருங்கட்டங்களைக் காக்க வேண்டிய மந்திரி போய்விட்டார். அந்த வெறுமையைக் குதிரைகளும் மந்திரிகளும் மெல்ல நிரப்புகின்றன. 29ஆம் நகர்வில் ஒரு கோட்டையைக் கொடுத்து, குதிரையால் ராணியைத் திரும்ப எடுக்கும்போதுதான் கணக்குத் தீர்கிறது. விதைத்ததற்கும் அறுத்ததற்கும் இடையே 17 நகர்வுகள். ஸ்பீல்மன் சொன்ன மெய்யான பலி இதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு விமர்சகனின் கடமையாக ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நாம் வாசிப்பவை 'சிறந்த ஆட்டங்கள்' என்ற தொகுப்புகள். நெஷ்மெத்தினோவின் தொகுப்பு 2000ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் வந்தது. தொகுப்பு என்பது தெரிவு. தெரிவு என்பது மறைப்பும்கூட. அவரது தோல்விகள் அதில் இடம்பெறுவதில்லை. யூரி அவெர்பாக் என்ற கிராண்ட்மாஸ்டர் அவருக்கெதிராக ஏறக்குறைய எல்லாவற்றையும் வென்றவர். தாக்குதல் கிடைத்துவிட்டால் ரஷீத் தால் உட்பட யாரையும் வீழ்த்துவார், ஆகவே நான் அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை என்ற கருத்துப்பட அவர் சொல்லியிருக்கிறார். வரண்ட, இறுக்கமான நிலைகளில் நெஷ்மெத்தினோவால் மூச்சுவிட முடியவில்லை. பட்டம் கிடைக்காததற்கு மொஸ்கோவின் பாரபட்சம் ஒரு காரணம் என்றால், இந்தக் குறையும் ஒரு காரணம்தான். விளிம்பிலிருந்து வந்தவர் என்பதற்காக அவரது ஆட்டத்தின் ஓட்டைகளை நாம் மூடிவிடத் தேவையில்லை. எமது எழுத்தாளர்கள் விடயத்தில் நாம் அடிக்கடி செய்யும் தவறு அது. அனுதாபம் வாசிப்பாகாது.

அவெர்பாக்கைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அஸ்-ஸூலி தன் காலத்தில் ஒரு ஷத்ரஞ்ச் புதிரை அமைத்து, அதைத் தீர்க்கக்கூடியவர் எவருமில்லை என்று விட்டுப்போனார். பலகையில் நான்கே காய்கள். நகர்வுகளோ நத்தை வேகத்தில். ஆயிரம் ஆண்டுகள் அது தீராமல் கிடந்தது. 1980களில் அதைத் தீர்த்தவர் இதே அவெர்பாக். நெஷ்மெத்தினோவை நெருக்கிய பொறுமையே பக்தாதின் புதிரையும் அவிழ்த்தது. நூறு வயது வாழ்ந்து 2022இல் அவர் மறைந்தார். தாக்குதலை நேசிப்பவன் இந்தப் பொறுமையையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். தான் எங்கே தோற்பான் என்பது அப்போது தெரியும்.

எமது சிறுசஞ்சிகைச் சூழலிலும் தாக்குதலுக்குப் பஞ்சமில்லை. ஒரு நூலை முதல் பந்தியிலேயே வெட்டிச் சாய்க்கும் விமர்சனத்துக்கு எப்போதும் கைதட்டல் கிடைக்கிறது. அத்தகைய கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன். இப்போது அவற்றைத் திருப்பிப் பார்க்கையில், என் கோட்டைகள் மூலையிலேயே நின்றது தெரிகிறது. நூலை முழுதாகப் படித்து, அதன் வலுவான இடங்களை ஒப்புக்கொண்டு, அதன் பிறகும் எஞ்சும் குறையைத் தொடுவதற்கு எட்டாம் நகர்வின் பொறுமை வேண்டும். கைக்கெட்டிய சிப்பாயை, அதாவது கைக்கெட்டிய கைதட்டலை, எடுக்காமல் விடவும் வேண்டும்.

இப்போது வகுப்பில் முறையை மாற்றியிருக்கிறேன். ஆட்டத்தை முதல் நகர்விலிருந்து தொடங்குகிறோம். மீதியை மட்டையொன்றால் மூடிவிடுவேன். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னர் பிள்ளைகள் தங்கள் நகர்வைக் கொப்பியில் எழுதி, ஏன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். காய் வெட்டுக்கொடுக்கும் இடம் வந்தால், என்ன கொடுத்தோம் என்று எழுதுவதற்கு முன் என்ன வாங்குகிறோம் என்று எழுத வேண்டும். பிறகு அந்த ஆட்டக்காரர் தோற்ற ஆட்டமொன்றையும் பார்க்கிறோம். வேலை மெதுவாக நடக்கிறது. சில பின்னேரங்களில் அரை ஆட்டம்தான் முடிகிறது. கைதட்டல் குறைந்துவிட்டது. இரண்டு மூன்று பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பையன் போகவில்லை. சென்ற கிழமை சோச்சி ஆட்டத்தில் 26ஆம் நகர்வுக்கு வந்தபோது, எல்லோரும் செக் வைக்கும் நகர்வுகளையே எழுதியிருந்தார்கள். அவனது கொப்பியில் மந்திரி ஜீ7 என்று இருக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பாதையில என்னமோ இருக்கு சேர், என்னண்டு விளங்கல்ல" என்றான்.